விளைந்தது விதையாலா, மழையாலா?

பெரம்பலூர் மாவட்டத்தின் குன்னம் வட்டாரத்தில் மழையை நம்பி மக்காச்சோளமும் பருத்தியும் விதைக்கிற குடும்பங்கள் ஏராளம். விதைப்பு நெருங்கினால் கடையில் ஏதாவது ஒரு புது ரகம் வந்து நிற்கும். போன வருஷம் இதைப் போட்டவருக்கு அமோக விளைச்சல் என்று கடைக்காரர் சொல்வார். அனுபவப்பட்ட விவசாயி அதைக் கேட்டதும் தலையாட்டிவிட மாட்டார். விளைந்தது விதையாலா, மழையாலா? அவர் காடு மேட்டுக்காடா, ஓடையோரமா? தொழுவுரம் எத்தனை வண்டி அடித்தார்? இத்தனையும் கேட்பார். 2018இல் மக்காச்சோளத்தில் படைப்புழு இறங்கியபோது நல்ல விதை போட்டவர்களும்தான் நட்டப்பட்டார்கள். அந்த நட்டத்துக்கு விதையைக் குறை சொல்ல முடியாது என்பதும் அவருக்குத் தெரியும். சந்தேகம் தீராவிட்டால் தன் காட்டிலேயே நாலு சால் பழைய விதையும் நாலு சால் புது விதையும் போட்டுப் பார்ப்பார்.

அதே வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் பை தொங்கும். அதற்குள் சர்க்கரை மாத்திரை அட்டை இருக்கும். விதையிடம் இத்தனை கேள்வி கேட்டவர் மாத்திரையிடம் ஒன்றும் கேட்பதில்லை. சில நேரம் முழுக்க நம்புகிறார். சில நேரம் பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன ஒரே சொல்லுக்காக முழுக்க நிறுத்திவிடுகிறார். இரண்டுமே ஆபத்து. விதையிடம் கேட்கிற அதே கேள்விகளை மாத்திரையிடமும் கேட்கலாம். ஏனென்றால் மருந்துகளைச் சோதிக்கும் முறையே வயலில்தான் பிறந்தது.

காட்டில் பிறந்த கணக்கு

இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் 1919இல் ரொனால்ட் ஃபிஷர் என்ற கணிதவியலாளர் வேலைக்குச் சேர்ந்தார். எந்த உரம் நல்ல விளைச்சல் தருகிறது என்று அங்கே பல்லாண்டுகளாகச் சோதித்து வந்தார்கள். ஃபிஷர் கண்ட சிக்கல், குன்னத்து விவசாயி கண்ட அதே சிக்கல்தான். ஒரு பாத்தியில் மண் வளம் கூட இருக்கும், இன்னொன்றில் ஈரம் கூட இருக்கும். எந்தப் பாத்திக்கு எந்த உரம் என்று மனிதர் தேர்ந்தெடுத்தால், தெரிந்தோ தெரியாமலோ நல்ல பாத்தி புது உரத்துக்குப் போய்விடும். அதனால் சீட்டுக் குலுக்கிப் போடுங்கள் என்றார் அவர். குலுக்கல் முறையில் பிரித்தால் நமக்குத் தெரிந்த வேறுபாடுகளும் தெரியாத வேறுபாடுகளும் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாகப் பரவிவிடும். மிஞ்சும் வித்தியாசம் உரத்தால் வந்தது என்று சொல்லலாம்.

இந்த முறையில் பிரிட்டனில் காசநோய் மருந்தைச் சோதித்த முடிவு 1948இல் வெளியானது. அடுத்த சில ஆண்டுகளில் அது சென்னைக்கு வந்தது. 1956இல் தொடங்கிய சென்னை காசநோய் வேதிச்சிகிச்சை மையம், நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு வீட்டிலும் மற்றவர்களுக்கு மருத்துவமனையிலும் சிகிச்சை கொடுத்தது. ஏழைகள் தம் வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டும் குணமாக முடியும் என்ற அதன் 1959ஆம் ஆண்டு முடிவு, உலகெங்கும் காசநோய் சிகிச்சையை மாற்றியது. மருந்துச் சோதனை தமிழ்நாட்டுக்கு அயலான விஷயம் இல்லை.

சர்க்கரை நோயில் இந்தக் குலுக்கல் இன்னும் அவசியம். ரத்தச் சர்க்கரை நாளுக்கு நாள் ஏறி இறங்கும். சர்க்கரை உச்சத்தில் இருக்கும் நாளில்தான் ஆள் மருத்துவரைத் தேடிப் போகிறார். அடுத்த முறை பார்த்தால், ஒன்றும் செய்யாவிட்டாலும் கொஞ்சம் இறங்கியிருக்க வாய்ப்பு உண்டு. நம்மைக் கவனிக்கிறார்கள் என்று தெரிந்தாலே சோற்றைக் குறைப்போம், கொஞ்சம் நடப்போம். இந்த இறக்கம் எல்லாம் மாத்திரையின் கணக்கில் ஏறிவிடக் கூடாது. அதற்காகத்தான் ஒப்பிடும் குழு வேண்டும். அவர்களுக்கு அதே நிறத்தில், அதே வடிவில், மருந்து இல்லாத வெற்று மாத்திரை தருகிறார்கள். யாருக்கு எது போகிறது என்று நோயாளிக்கும் தெரியாது, பரிசோதிக்கும் மருத்துவருக்கும் தெரியாது.

சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவினர் செய்த இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு, ஒப்பிடும் குழுவின் அருமையைக் காட்டும். சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேரை நான்கு குழுக்களாகப் பிரித்து மூன்று ஆண்டுகள் கவனித்தார்கள். முடிவு 2006இல் வெளியானது. பொதுவான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதத்தினருக்கு நோய் வந்துவிட்டது. நடைப்பயிற்சியும் உணவுக் கட்டுப்பாடும் கடைப்பிடித்தவர்களில் 39.3 சதவீதம். மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிட்டவர்களில் 40.5 சதவீதம். இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களில் 39.5 சதவீதம். நடையும் உணவும் மாத்திரைக்குச் சமமாக வேலை செய்தன. இரண்டையும் சேர்த்ததால் கூடுதல் பலன் வரவில்லை. ஒப்பிடும் குழு இல்லாமல், மாத்திரை சாப்பிட்ட நூறு பேரில் 60 பேர் தப்பித்தார்கள் என்று மட்டும் சொல்லியிருந்தால் எவ்வளவு தவறான படம் கிடைத்திருக்கும்! ஏனென்றால் மாத்திரை இல்லாமலேயே 45 பேர் தப்பித்திருக்கிறார்கள்.

அதே குழு அடுத்து 407 பேரிடம் பியோகிளிட்டசோன் என்ற மருந்தைச் சோதித்தது. நடை, உணவுக் கட்டுப்பாட்டோடு இந்த மாத்திரையும் சாப்பிட்டவர்களில் 29.8 சதவீதத்தினருக்கும், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 31.6 சதவீதத்தினருக்கும் நோய் வந்தது. அதாவது மருந்தால் சொல்லத்தக்க பலன் இல்லை. அந்த முடிவையும் 2009இல் மறைக்காமல் வெளியிட்டார்கள். பலித்ததை மட்டும் அச்சிட்டுப் பலிக்காததைப் பெட்டியில் பூட்டுவது, அறுவடைக்குப் பிறகு நன்றாக விளைந்த சால்களை மட்டும் கூப்பிட்டுக் காட்டுவது போன்றது. நேர்மையான சோதனை எல்லாச் சால்களையும் காட்டும்.

பசுமை வேறு, கதிர் வேறு

யூரியாவை அள்ளிப் போட்டால் பயிர் பச்சைப்பசேல் என்று எழும்பி நிற்கும். அதனால் மட்டும் கதிர் பிடித்துவிடாது. மூட்டை எத்தனை வந்தது என்று பார்த்துத்தான் விவசாயி கணக்கு முடிப்பார்.

சர்க்கரை மருந்திலும் இதே நிலைதான். ரத்தச் சர்க்கரை இறங்குவது பசுமை. மாரடைப்பு, பக்கவாதம், சிறுநீரகக் கோளாறு, பார்வை இழப்பு, கால் இழப்பு இவற்றிலிருந்து தப்பி நீண்ட நாள் வாழ்வதுதான் கதிர். நெடுங்காலமாகப் பசுமையை மட்டும் பார்த்தே மருந்துகளுக்கு ஒப்புதல் கொடுத்துவந்தார்கள். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை இறங்கினால் போதும் என்பதே அளவுகோல்.

அந்த அளவுகோல் போதாது என்று உலகம் கண்டுகொண்டது ரோசிகிளிட்டசோன் விவகாரத்தில். 1999இல் விற்பனைக்கு வந்த இந்த மருந்து சர்க்கரையை நன்றாகவே இறக்கியது. 2007இல் ஸ்டீவன் நிசென், கேத்தி வோல்ஸ்கி என்ற இரண்டு ஆய்வாளர்கள், அதுவரை நடந்த 42 சோதனைகளின் தரவுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். மருந்து சாப்பிட்டவர்களிடம் மாரடைப்பு வாய்ப்பு 43 சதவீதம் கூடியதாகத் தெரிந்தது. 2010இல் ஐரோப்பா அதன் விற்பனையை நிறுத்தியது, அமெரிக்கா கடுமையாகக் கட்டுப்படுத்தியது, இந்தியாவும் அதே ஆண்டு தடை செய்தது. இம்மருந்தின் பாதுகாப்புத் தரவுகள் சிலவற்றை அமெரிக்க அரசுக்குத் தெரிவிக்கத் தவறியது உள்ளிட்ட குற்றச்சாட்டுகளை அதன் தயாரிப்பு நிறுவனமான கிளாக்சோ ஸ்மித்கிளைன் 2012இல் ஒப்புக்கொண்டு, மொத்தம் 300 கோடி டாலர் செலுத்தியது.

கதையின் மறுபாதியையும் சொல்ல வேண்டும். இம்மருந்தை வைத்து நடந்த ஒரு பெரிய சோதனையின் பதிவுகளை வெளியாட்கள் மறுபடி ஆராய்ந்தபோது, அஞ்சிய அளவுக்கு மாரடைப்பு கூடியதாகத் தெரியவில்லை. 2013இல் அமெரிக்கா கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. லட்சக்கணக்கானோர் பல்லாண்டுகள் சாப்பிட்ட பிறகும், இதயத்துக்குக் கேடா இல்லையா என்ற எளிய கேள்விக்கு உறுதியான விடை கையில் இல்லை. ஆரம்பத்திலேயே அந்தக் கேள்வியைக் கேட்கும் விதத்தில் சோதனைகளை அமைக்கவில்லை என்பதே காரணம்.

சர்க்கரையை எவ்வளவுக்கு எவ்வளவு இறக்குகிறோமோ அவ்வளவுக்கு நல்லது என்ற நம்பிக்கையும் சோதனையில் உடைந்தது. வட அமெரிக்காவில் 10,251 பேரிடம் நடந்த அக்கார்ட் என்ற ஆய்வில், ஒரு குழுவினரின் சர்க்கரையைப் பல மருந்துகளால் மிகத் தீவிரமாக இறக்கினார்கள். 2008இல் அந்தப் பகுதியைப் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. தீவிரக் குழுவில் 257 பேர் இறந்திருந்தார்கள், வழக்கமான சிகிச்சைக் குழுவில் 203 பேர். பயிர் பச்சையாகத்தான் இருந்தது. கதிர்தான் இல்லை.

நம் மஞ்சள் பையில் இருக்கும் மெட்ஃபார்மின் இந்தக் கதிர்ச் சோதனையைத் தாண்டி வந்தது. பிரிட்டனில் 1977இல் தொடங்கி இருபது ஆண்டுகள் நடந்த பெரிய ஆய்வில், உடல் பருமன் உள்ளவர்களிடம் மெட்ஃபார்மின் மரணங்களைக் குறைத்தது என்று 1998இல் வெளியானது. அந்தக் குழுவில் இருந்தவர்கள் 342 பேர்தான் என்றாலும், அதன்பின் கிடைத்த நெடுங்கால அனுபவம் அந்த மாத்திரையின் மீதான நம்பிக்கையை உறுதிப்படுத்தியது. மலிவான மாத்திரை என்பதால் அதை மட்டமாக நினைக்க வேண்டியதில்லை.

சதவீதத்தைத் தலையெண்ணி வாங்குங்கள்

ரோசிகிளிட்டசோன் விவகாரத்தால் ஒரு நன்மை விளைந்தது. இனி வரும் சர்க்கரை மருந்துகள் இதயத்துக்குக் கேடு செய்யவில்லை என்று காட்ட வேண்டும் என 2008 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு வழிகாட்டுதல் வெளியிட்டது. வீண் செலவு என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. ஆனால் கேடு இல்லை என்று காட்டப் போன இடத்தில், நன்மை இருப்பது தெரியவந்தது. எம்பாகிளிஃப்ளோசின் என்ற மருந்து, ரத்தத்தில் மிகுந்த சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுவது. ஏற்கெனவே இதய நோய் இருந்த 7,020 சர்க்கரை நோயாளிகளிடம் நடந்த சோதனையில், இதய, ரத்தநாள மரணங்களை அது 38 சதவீதம் குறைத்தது என்று 2015இல் வெளியானது. பாதுகாப்பைப் பற்றிக் கேட்ட கேள்விதான் உயிர் காக்கும் மருந்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தது.

அந்த 38 சதவீதத்தையும் தலையெண்ணிப் பார்க்க வேண்டும். சுமார் மூன்று ஆண்டுகளில், வெற்று மாத்திரை சாப்பிட்ட ஆயிரம் பேரில் 59 பேர் அவ்விதம் இறந்தார்கள். மருந்து சாப்பிட்ட ஆயிரம் பேரில் 37 பேர். ஆயிரத்துக்கு 22 உயிர். மதிக்கத்தக்க நன்மைதான். ஆனால் 38 சதவீதம் என்று கேட்டவுடன் நூற்றுக்கு 38 பேர் பிழைக்கிறார்கள் என்று நினைத்தால் தவறு. அதே சோதனையில் பெண்களிடம் பிறப்புறுப்புத் தொற்று நூற்றுக்கு 2.6 என்ற அளவிலிருந்து 10 ஆகக் கூடியது. நன்மையைச் சதவீதத்தில் உரக்கச் சொல்லி, கேட்டைத் தலையெண்ணிக்கையில் மெல்லச் சொல்வது விற்பனைத் தந்திரம். இரண்டையும் ஒரே படியால் அளந்து காட்டச் சொல்ல வேண்டும்.

சோதனையில் இருந்தவர்கள் யார் என்பதும் முக்கியம். மேலே சொன்ன நன்மை இதய நோய் இருந்தவர்களிடம் கண்டது. அதை அப்படியே இதய நோய் இல்லாத இளைஞருக்குப் பொருத்த முடியாது. 2025 மார்ச்சில் இந்தியாவில் காப்புரிமை முடிந்ததால், பல நிறுவனங்கள் இம்மருந்தைக் குறைந்த விலையில் விற்கின்றன. விலை இறங்கியது நல்லது. ஆனால் பங்குனி வெயிலில் பருத்தி எடுக்கிற பெண்ணுக்கும், விரதம் இருப்பவருக்கும், காய்ச்சலில் சாப்பிடாமல் படுத்திருப்பவருக்கும் உடலில் நீர் வற்றாமல் பார்த்துக்கொள்ளும் எச்சரிக்கை தேவை. சிறுநீர் அதிகம் போகச் செய்யும் இவ்வகை மருந்துகளால், அரிதாக ரத்தத்தில் அமிலம் கூடும் ஆபத்து நிலை வரலாம் என்று 2015இலேயே எச்சரிக்கை வந்திருக்கிறது. நம் வேலையையும் வெயிலையும் சாப்பாட்டு நேரத்தையும் மருத்துவரிடம் சொன்னால்தான், வேறொரு நாட்டில் கண்ட பலன் நம் உடலுக்குப் பொருந்துமா என்று அவரால் பார்க்க முடியும்.

எத்தனை பேர், எத்தனை நாள்

300 பேருக்கு ஒரு மருந்தைக் கொடுத்தார்கள், ஒருவருக்கும் கேடு வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் மருந்து பத்திரமா? நூற்றில் ஒருவருக்கு வரக்கூடிய கேடுகூட அந்த 300 பேரிடம் தற்செயலாகத் தென்படாமல் போயிருக்கலாம். 3,000 பேரிடம் ஒன்றும் தெரியவில்லை என்றாலும், ஆயிரத்தில் ஒருவருக்கு வரும் கேடு மறைந்திருக்க இடம் உண்டு. சோதித்தவர்களின் எண்ணிக்கையை மூன்றால் வகுத்தால், எத்தனை பேரில் ஒருவருக்கு வரும் கேடு கண்ணுக்குத் தப்பியிருக்கலாம் என்ற மனக்கணக்கு கிடைக்கும்.

டிரோகிளிட்டசோன் என்ற மருந்து 1997இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. ஒப்புதலுக்கு முன்பு சுமார் 2,500 பேரிடம் சோதித்திருந்தார்கள். அவர்களில் 1.9 சதவீதத்தினரின் ரத்தத்தில் கல்லீரல் நொதி அளவு மீறி உயர்ந்திருந்தது. வெற்று மாத்திரைக் குழுவில் அது 0.6 சதவீதம்தான். அந்தச் சிறு சமிக்ஞைக்கு உரிய கவனம் கிடைக்கவில்லை. லட்சக்கணக்கானோர் சாப்பிடத் தொடங்கியதும் கல்லீரல் செயலிழந்து பலர் இறந்தார்கள். 2000 மார்ச்சில் மருந்தைத் திரும்பப் பெற்றார்கள்.

இந்தியாவில் இதே கேள்வி 2013இல் எழுந்தது. பியோகிளிட்டசோனை மலிவான மருந்தாக நம் நாட்டில் பரவலாக எழுதிக் கொடுத்துவந்தார்கள். 5,238 பேரிடம் நடந்த ஓர் ஐரோப்பியச் சோதனையின் 2005ஆம் ஆண்டு அறிக்கையில், மருந்துக் குழுவில் 14 பேருக்கும் வெற்று மாத்திரைக் குழுவில் 6 பேருக்கும் சிறுநீர்ப்பைக் கட்டி கண்டிருந்தது. எட்டுப் பேர் வித்தியாசம் தற்செயலா, எச்சரிக்கையா? 2011இல் பிரான்ஸ் இம்மருந்தை நிறுத்தியது. 2013 ஜூன் 18 அன்று இந்திய அரசும் நிறுத்தியது. நோயாளிகள் திகைத்தார்கள். மாற்று மருந்தின் விலை ஏழைகளுக்குக் கட்டாது என்று சர்க்கரை நோய் மருத்துவர்கள் பலர் எதிர்த்தார்கள். நிபுணர் குழு மறுபடி கூடியது. ஜூலை 31 அன்று தடை நீங்கியது. முதல் மருந்தாகத் தரக் கூடாது, சிறுநீர்ப்பைப் புற்றுநோய் உள்ளவருக்கும் இருந்தவருக்கும் தரக் கூடாது என்பன போன்ற எச்சரிக்கைகளோடுதான் விற்க வேண்டும் என்று விதித்தார்கள்.

ஏறக்குறைய ஆறு வாரத்தில் தடை, பிறகு அனுமதி. இதைப் பார்த்து, யாரை நம்புவது என்று அலுத்துக்கொள்வது இயல்பு. ஆனால் அரிய கேடுகளைப் பற்றிய அறிவு இப்படித்தான் வளரும். 2015இல் 1,93,099 அமெரிக்கர்களின் பதிவுகளைப் பார்த்த ஆய்வில் சிறுநீர்ப்பைப் புற்று தெளிவாகக் கூடியதாகத் தெரியவில்லை. வேறு சில ஆய்வுகளில் கூடியதாகத் தெரிந்தது. ஆகவே எச்சரிக்கை நீடிக்கிறது. திடீரென்று தடை போடுவதற்குப் பதிலாக, ஆரம்பத்திலிருந்தே நம் நோயாளிகளைக் கணக்கெடுத்துக் கண்காணித்திருந்தால் நாமே விடை சொல்லியிருக்கலாம் என்பதே என் கருத்து. கோடிக்கணக்கான நோயாளிகளை வைத்துக்கொண்டு, விடைக்குப் பிறநாட்டைப் பார்த்து நிற்பது நமக்குப் பெருமை தருவதன்று. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து நடத்திய ஆய்வு 2023இல் மதிப்பிட்டது.

உடலைத் தருகிறவரின் உரிமை

சோதனைக்குத் தன் உடலைத் தருகிறவர் இல்லாமல் எந்த மருந்தும் இல்லை. அவர் பெரும்பாலும் ஏழை. 2002இல், இந்தியாவின் டாக்டர் ரெட்டீஸ் கண்டறிந்து டென்மார்க்கின் நோவோ நோர்டிஸ்க் உலகெங்கும் சோதித்துவந்த ரகாகிளிட்டசார் என்ற சர்க்கரை மருந்து நின்றுபோனது. அதைக் கொடுத்த எலிகளின் சிறுநீர்ப்பையில் கட்டிகள் தென்பட்டன. அதற்குள் இந்தியர்கள் உட்படப் பலர் அந்த மருந்தைச் சாப்பிட்டிருந்தார்கள். விலங்குச் சோதனைகள் முழுதாக முடியும் முன்பே மனிதருக்குக் கொடுக்கலாமா என்ற கேள்வி அப்போது வலுவாக எழுந்தது.

அதன்பின் நிலைமை மேம்பட்டிருக்கிறது. இந்திய மருத்துவச் சோதனைப் பதிவகம் 2007இல் தொடங்கியது. 2009 முதல் ஒவ்வொரு மருந்துச் சோதனையையும் அதில் பதிய வேண்டும். யார் பணம் தருகிறார், எத்தனை பேர், எதை அளக்கப் போகிறார்கள் என்பதை முன்கூட்டியே எழுதிவைப்பதால், அறுவடைக்குப் பிறகு அளவுகோலை மாற்றும் தந்திரம் கடினமாகிறது. இந்தப் பதிவகத்தை யாரும் கட்டணமின்றிப் பார்க்கலாம். உச்ச நீதிமன்ற வழக்கு ஒன்று நெருக்கியதால் 2013இல் சோதனையில் கேடு அடைந்தவர்களுக்கான இழப்பீட்டு விதிகள் வந்தன. 2019இன் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனை விதிகள் அவற்றைத் தொகுத்தன. யாராவது உங்களை ஒரு சோதனையில் சேரச் சொன்னால், உங்களுக்குப் புரியும் தமிழில் எழுதிய ஒப்புதல் படிவத்தைக் கேளுங்கள். பதிவு எண்ணைக் கேளுங்கள். எனக்கு வெற்று மாத்திரை கிடைக்க வாய்ப்பு உண்டா, கேடு வந்தால் யார் செலவு, எப்போது வேண்டுமானாலும் விலகலாமா என்று கேளுங்கள். விலகும் உரிமை சட்டம் தந்தது.

சோதனையே இல்லாமல் விற்பதுதான் எல்லாவற்றிலும் மோசம். சர்க்கரையை அடியோடு ஒழிக்கும் என்று பேருந்து நிலையச் சுவரிலும் கைபேசியிலும் வரும் விளம்பரங்களை, 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம் தடை செய்கிறது. மூலிகையானாலும் மாத்திரையானாலும் கேள்வி ஒன்றுதான். யாரோடு ஒப்பிட்டார்கள்? இரண்டு, மூன்று மருந்துகளை ஒரே மாத்திரையாக இணைத்து விற்பவற்றுக்கும் இது பொருந்தும். போதிய ஆதாரம் இல்லாத 328 கூட்டு மருந்துகளை மத்திய அரசு 2018 செப்டம்பரில் தடை செய்தபோது, அந்தப் பட்டியலில் சர்க்கரை மாத்திரைகளும் இருந்தன.

வாசலில் நடக்கும் சோதனை

ஒப்புதல் கிடைத்ததோடு மருந்தின் சோதனை முடிந்துவிடாது. சில ஆயிரம் பேரிடம் தெரியாத கேடு, பல லட்சம் பேர் சாப்பிடும்போதுதான் வெளியே வரும். அந்தக் கடைசிச் சோதனை நடக்கும் களம் குன்னத்து வீடுகள்தான். 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் வீட்டு வாசலுக்கே வந்து சர்க்கரை மாத்திரை தருகிறார். அவரிடம் நாம் பெரும்பாலும் மாத்திரையை வாங்கி வைத்துக்கொள்வதோடு சரி. கால் வீங்கியது, களை எடுக்கும்போது கண் இருண்டு வேர்த்துக் கொட்டியது, சிறுநீரில் ரத்தம் தெரிந்தது என்பதையெல்லாம் வயசு, வெயில், விதி என்று விழுங்கிவிடுகிறோம். பதிவாகாத கேடு, இல்லாத கேடாகவே கணக்கில் நிற்கிறது.

மருந்துகளின் பக்கவிளைவுகளைத் திரட்ட 2010இல் இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டம் தொடங்கியது. மருத்துவர்தான் சொல்ல வேண்டும் என்றில்லை. நோயாளியும் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் சொல்லலாம். எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். சர்க்கரை கட்டுக்கடங்காமல் போவதன் கேடு, இங்கே பேசிய பெரும்பாலான மருந்துக் கேடுகளை விடப் பெரிது. ஆனால் அடுத்த முறை தன்னார்வலர் வாசலுக்கு வரும்போது, மாத்திரை வாங்கும் முன் உங்கள் உடலில் கண்ட மாற்றத்தைச் சொல்லுங்கள். ஆரம்பச் சுகாதார நிலையத்துக்குப் போகும்போது மஞ்சள் பையை அப்படியே எடுத்துப் போங்கள். இந்த மாத்திரை எதற்கு, எனக்கு என்ன நன்மை, எதைக் கவனிக்க வேண்டும் என்று மருத்துவரிடம் கேளுங்கள். விதைக்காரரிடம் கேட்கத் தெரிந்த உங்களுக்கு இதைக் கேட்கவும் முடியும்.